மினுங்காத பேப்பர்

துக்க வீட்டுக்காரர்களிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசத் தெரியாத ஒருவர், துக்க வீட்டுக்காரர்களை நம்பியே கடை நடத்தினார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கஹவத்தையில் எங்கள் கடை அப்படித்தான் நடந்தது. எங்கள் கடை என்றால் ஒரே அறை, நடுவில் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவருடைய ஸ்டூடியோ. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பஸாரில் எல்லாருக்கும் அவர் ஸ்டூடியோ அக்கா. எனக்கு வெறும் அக்கா.

கல்யாணம், சடங்கு எல்லாம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பெரிய ஸ்டூடியோவுக்குப் போய்விடும். அங்கே நீர்வீழ்ச்சி வரைந்த திரையும், மாப்பிள்ளை உட்கார ராஜா நாற்காலியும் இருந்தன. எங்களிடம் வந்தது ஐடென்டிகார்ட் படமும் சாவுப் படமும்தான். சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் ஒருவர் கண்ணை மூடினால் கருமாதிக்கு முன்னால் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். பாதிப் பேர் ஆயுளிலேயே படம் எடுத்துக்கொண்டது அடையாள அட்டைக்காக மட்டுமாகத்தான் இருக்கும். அந்த நக அளவு முகத்தைத்தான் அக்கா கம்பியூட்டரில் ஏற்றி, பெரிதாக்கி, பிரிண்டரில் கறுப்பு வெள்ளையாக அடித்துக் கொடுப்பார். எப்போதும் மினுங்காத பேப்பரில். கலரும் மினுங்குகிற பேப்பரும் உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்று அவர் விதி செய்யவில்லை. ஆனால் நடந்து நடந்து அது விதியாகிவிட்டது. தோட்டத்துச் சனம் அந்தப் பேப்பருக்கு வைத்த பேர் ‘செத்தவங்க பேப்பர்’.

அக்காவின் கோளாறு என்னவென்றால் எந்தக் கறுப்பும் அவருக்குப் போதாது. கொழும்பிலிருந்து எந்தப் புதுப் பேப்பர் வந்தாலும் ஒரு கட்டு எடுப்பார். ஒரே முகத்தை நாலு விதப் பேப்பரில் அடித்து மேசையில் வரிசையாக வைப்பார். ஒன்று மையைக் குடித்துவிடும், தலைமயிர் கறுப்பாக இல்லாமல் அடுப்புச் சாம்பலாகத் தெரியும். ஒன்றில் கறுப்பு நன்றாக இறங்கும், ஆனால் வெள்ளை சொட்டு நீலம் போட்ட வேட்டிபோலக் கண்ணைக் கூசும். இன்னொன்று அட்டை மாதிரி கனமாக இருக்கும், விரல் பட்டால் மை கையோடு வந்துவிடும். டியூப்லைட்டில் சாம்பல் நிறமாக இருக்கும் கன்னம், வாசலுக்குக் கொண்டுபோனால் பாசி பிடித்த மாதிரி பச்சையடிக்கும். அது எனக்குப் புதிதில்லை. கடைக்குள் பார்த்து நூல் எடுத்தால் வெயிலில் பிளவுஸோடு சேராது. ஆனால் நான் மிஞ்சிப்போனால் நூலை மாற்றுவேன். அக்கா சாப்பாட்டை விட்டுவிடுவார்.

“கறுப்பு பத்தல தங்கச்சி.”

“அக்கா, அந்த மனுசனே இப்ப மண்ணுக்குள்ள இருக்காரு. இவ்வளவு கறுப்பு போதும்.”

“மண்ணுக்குள்ள இருக்கவருக்கு இது மட்டுந்தானே மிச்சம்” என்பார். சிரிக்கமாட்டார்.

பேப்பரில் மை பிடிக்கிற பக்கம் ஒன்றுதான் உண்டு. மினுங்காத பேப்பரில் அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். அக்கா ஒரு மூலையைக் கீழ் உதட்டில் ஒற்றிப் பார்ப்பார். ஒட்டினால் அதுதான் பக்கம். புருஷனைப் பறிகொடுத்த பெண் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். இவர் பேப்பரை உதட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, “வெள்ள கொஞ்சம் மஞ்சளா வேணுமா, பால் வெள்ளையா வேணுமா?” என்று கேட்பார். அந்தப் பெண் திகைத்துப்போய் என் பக்கம் பார்ப்பாள். நான் தடுப்பைச் சுற்றிப் போய்த் தண்ணீர் கொடுப்பேன். அவள் போன பிறகு சண்டை பிடிப்பேன்.

“கொஞ்சம் மனுசத் தன்மையா பேசுனா என்னக்கா?”

“பேசுனா படம் நல்லா வருமா?”

கல்நெஞ்சுக்காரி என்று பஸாரில் பேசிக்கொண்டார்கள். நானும் சில நாள் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அடையாளம் தெரியாத பிணம் கிடைத்தால் பொலிஸ்காரர்கள் படமெடுக்க அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய ஸ்டூடியோக்காரர் கல்யாணக் கமராவில் பிணம் எடுக்கமாட்டார். ஒரு தடவை அக்கா ஆஸ்பத்திரிப் பிண அறையிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, கை கால் கழுவி, சோத்துப் பார்சலைப் பிரித்து உட்கார்ந்தார். என்ன, எப்படி என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “அந்த ரூம்ல வெளிச்சம் என்னமா வருது தெரியுமா! வடக்குப் பக்கம் ஜன்னல். நம்ம கடைக்கு அப்படி ஒரு ஜன்னல் இருந்தா...” அன்றைக்கு நான் மத்தியானச் சோற்றை நாய்க்குப் போட்டேன்.

அவருக்குப் புருஷன் இருந்தார். கட்டாருக்கு டிரைவர் வேலைக்குப் போனவர். போன புதிதில் போனில் கோல் எடுத்துப் பேசினார், பிறகு எடுக்கவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று ஊருக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீட்டில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, மேசையில் போட்டுக் கண்ணாடியை நீக்கி, “பார்த்தியா, ஈரம் காயமுன்ன பிரேம் போட்டிருக்கான். கண்ணாடியில ஒட்டிருச்சு” என்றார். பிரேமை மட்டும் துடைத்து வைத்துக்கொண்டார். அதில் பிறகு யாருடைய சாவுப் படமோ போனது.

வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. பக்கத்துச் சிங்கள கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போன பையன்கள் பெட்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். செத்த மூன்றாம் மாதம் பிக்குமாருக்குக் கொடுக்கிற தானத்துக்குப் படம் வேண்டுமென்று ஒரு தகப்பன் வந்தார். மகன் யூனிபோமில் எடுத்த சின்னக் கலர்ப் படம் சட்டைப் பையில் இருந்தது. அக்காவுக்குச் சிங்களம் தமிழைவிடச் சுத்தமாக வரும். அதனால் அந்தத் தகப்பனிடமும் பேப்பரைப் பற்றிச் சுத்தமாகப் பேசினார். மறுநாள் மூன்று பேப்பரில் அடித்து வைத்து, எது சரி, எது சரியில்லை என்று விளக்கினார். அந்த ஆள் கேட்டுக்கொண்டே மூன்றையும் தடவிப் பார்த்துவிட்டு, கறுப்பே இறங்காமல் வெளிறிப்போயிருந்த மூன்றாவது படத்தை எடுத்துக்கொண்டார்.

“மேக தென்ன, நங்கி.” இதைக் கொடு தங்கச்சி என்றார்.

அதில் கறுப்பு பத்தாது என்று அக்கா மன்றாடினார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இவன் முகம் இப்படித்தான் வெளிறும் என்று சொல்லிவிட்டு அந்தத் தகப்பன் எழும்பிப் போய்விட்டார். அக்காவுக்கு அது ஆறவேயில்லை. “கண்ணு தெரியாத மனுசன்” என்று ஒரு கிழமை முழுக்க முனகினார். எனக்கு அந்தத் தகப்பனைக் கட்டிப் பிடித்து அழவேண்டும் போல இருந்தது. ஒரே அறையில் இருந்துகொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகத் தெரிந்தது.

மாரியாயி வந்தது அதற்குப் பிறகு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். புருஷன் மரத்திலிருந்து விழுந்து செத்தபோது படம் அடித்தது அக்காதான். இப்போது ஒரே மகன் சேகரைக் காணவில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். பட்டாளமும் பொலிஸும் தமிழ்ப் பையன்களைத் தேடிச் சுற்றிவளைப்பு நடத்திய ஒரு நாள் யாரோ வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கடை முதலாளி போனில் சொன்னார். எந்தப் பொலிஸில் கேட்டாலும் எங்களிடம் இல்லை என்றார்கள். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் கொழும்பில் சிறை வாசல்களில் படத்தோடு நின்று, விடுதலையாகி வருகிறவர்களிடம் விசாரிக்கிறார்களாம். தோட்டத்து யூனியன் தலைவர் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு படம் வேண்டும்.

கொண்டுவந்தது ஒரு கல்யாண வீட்டுப் படம். யாரோ ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் சேகரின் முகம் மிளகளவில் எட்டிப் பார்த்தது.

“வந்துருவான்ல அக்கா?” என்று மாரியாயி கேட்டார்.

“கலர்ல பெருசாக்குனா முகம் ஒடஞ்சிரும்” என்றார் அக்கா.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்த முகத்துக்காக அவர் பட்ட பாட்டையும் நான்தான் பார்த்தேன். ஐடென்டிகார்ட் வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டார். அடிப்பார், பார்ப்பார், கிழிப்பார். மினுங்குகிற பேப்பரில் அடித்த ஒன்றை உச்சி வெயிலில் ரோட்டுக்குக் கொண்டுபோய், எதிர்ப்பக்கம் நின்ற திரீவீல்காரரிடம் காட்டி, “முகம் தெரியுதா தம்பி?” என்று கேட்டார். “கண்ணுதான்கா கூசுது” என்றார் அவர். மினுங்காத பேப்பரில் அடித்ததைக் காட்டினார். “வாய்க்கிட்ட மச்சம் இருக்கு” என்றார். அக்கா திரும்பி வந்து, “சிறை வாசல்ல நெழலா இருக்கப்போகுது? வெயில்லதான் நிப்பாங்க. இதுதான் சரி” என்றார். அவர் முகத்தில் நான் கண்ட சந்தோஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த மச்சம், தாடை, ஒரு பக்கமாக வாரிய மயிர் எல்லாம் அப்படி வந்திருந்தது. கறுப்பு கறுப்பாக இறங்கியிருந்தது.

எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எத்தனையோ சாவுப் படம் அந்த அறையிலிருந்து போயிருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

மாரியாயி உறையிலிருந்து படத்தைப் பாதிதான் வெளியே இழுத்தார். பெருவிரலால் பேப்பரைத் தடவினார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பேப்பரைத் தெரிந்துகொண்டார்.

“எப்ப பார்த்தீங்க அக்கா?”

“யார?”

“எங்க வச்சிருக்காங்க? ஆஸ்பத்திரியிலயா?”

“நா பாக்கலயே. என்ன பேசுற நீ?”

“பாக்காம ஏன் இந்தப் பேப்பர்ல போட்டீங்க? அவங்கப்பாவுக்குப் போட்டது இதானே. பொலிஸுக்குப் படம் எடுக்கிறது நீங்கதானே. எங்கிட்ட வாயால சொல்ல ஏலாமதானே பேப்பர்ல சொல்றீங்க?”

“இல்ல மாரியாயி. வெயில்ல இது கூசாது. அதுக்குத்தான்...”

மாரியாயி கேட்கவில்லை. படத்தை என் மெஷின் மேல் வைத்துவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடினார். அக்கா படத்தை எடுத்து, மடங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

அன்று பின்னேரமே தோட்டத்தில் ஒப்பாரி எழும்பிவிட்டது. ஸ்டூடியோ அக்கா பிணத்தைப் பார்த்துவிட்டாராம், பொலிஸுக்குப் பயந்து சொல்லவில்லையாம். யூனியன் தலைவர் கொழும்புப் பயணத்தை நிறுத்திவிட்டார். செத்தவனைத் தேடி ஏன் சிறை வாசலுக்குப் போகவேண்டும் என்று கேட்டாராம். பொலிஸுக்கும் தலைவருக்கும் வேலை மிச்சம். ஒரு பேப்பரால் அந்தப் பையனைத் தேடுவதை ஊரே விட்டுவிட்டது.

மறுநாள் காலையில் அக்கா கடையைத் திறக்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு தோட்டத்து பஸ் ஏறினார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டு வாசலில் சனம் குந்தியிருந்தது. உள்ளே மாரியாயி சுருண்டு கிடந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அக்கா என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து இரண்டு படத்தையும் எடுத்தார், மினுங்குகிறது ஒன்று, மினுங்காதது ஒன்று. சாவு வீடு என்று அழுதுகொண்டிருந்த சனத்தை வெயிலுக்கு அழைத்து, இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எது கூசுகிறது, எது கூசவில்லை என்று விளக்க ஆரம்பித்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. ஒரு கிழவர், “இந்தப் பொம்பளைக்குப் புத்தி பேதலிச்சிருச்சு” என்று காறித் துப்பினார். அக்கா நிறுத்தவில்லை. அவரிடம் இருந்த ஒரே பாஷை அதுதான். தொண்டை கட்டும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

கடைசியில் மாரியாயி எழும்பி வாசலுக்கு வந்தார்.

“செத்திருந்தா சொல்லிருவீங்களா?”

“சொல்லிருவேன்.”

“பொலிஸு சொல்லக்கூடாதுன்னாலும்?”

“யாரு சொன்னாலும். நா பாக்கல மாரியாயி. சத்தியமா பாக்கல.”

தலைவர் திரும்ப மசியவில்லை. ஆகவே அக்காவே மாரியாயியைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாரியாயி மினுங்குகிற படத்தைப் பிடித்தார், அக்கா மினுங்காததைப் பிடித்தார். வெளியே வந்த பையன்கள் அக்காவின் படத்தைத்தான் நின்று பார்த்தார்களாம். தெரியாது என்று தலையாட்டிவிட்டுப் போனார்களாம். மாதத்துக்கு ஒரு தடவை, முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு பேரும் போய்க்கொண்டேயிருந்தார்கள். மழைக்கால ஈரத்தில் படம் சுருண்டுவிடும். அக்கா புதிதாக அடிப்பார். ஆஸ்பத்திரிக்குப் பிணத்தைப் படமெடுக்கக் கூப்பிட்டால் இப்போதும் போவார். போய் வந்து வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. “அவன் இல்ல” என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு உட்காருவார்.

சண்டை முடிந்தது. பட்டாளம் ஜெயித்ததென்று பஸாரில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். நானும் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டேன், தமிழ் ஆள் வாங்காமல் இருக்க முடியாது. சிறையிலிருந்து வருகிறவர்கள் வந்தார்கள். சேகர் வரவில்லை. ஆடி மாதம் பிறந்ததும் ஒரு நாள் மாரியாயி கடைக்கு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

“அக்கா, அமாவாசைக்கு அவனுக்குப் படைக்கலாம்னு இருக்கேன். எந்தத் திதின்னு தெரியாதவங்க அன்னைக்குப் படைக்கலாம்னு ஐயரு சொன்னாரு. அந்தப் பேப்பர்லயே ஒண்ணு அடிச்சுக் குடுங்க.”

எந்த வேலையையும் இல்லை என்று திருப்பாதவர் அக்கா. அலுமாரியைப் பார்த்தார். பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது.

“பேப்பர் முடிஞ்சிருச்சு” என்றார்.

“எப்ப வரும்?”

“வராது.”

மாரியாயியின் கண் அலுமாரிக்குப் போய்த் திரும்பியது. எழும்பிப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “எத்தன நாளைக்குத்தான் அந்த மனுசி வாசலப் பாத்துக்கிட்டு இருக்கிறது? அழுது முடிக்கவாவது விடுங்களேன்!” என்று கத்தினேன். அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

“நா அடிச்சா அவன் செத்துருவான் தங்கச்சி” என்றார்.

பேப்பர் வெறும் பேப்பர்தான் என்று ஒரு லயத்துச் சனத்தின் முன்னால் தொண்டை கட்டக் கத்தியவர் அவர்.

அமாவாசைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனோம். லயத்து அறையில் பகலிலும் இருட்டு. பலகையில் சேகரின் படம், பக்கத்து டவுன் பலாங்கொடையில் யாரோ மினுங்குகிற பேப்பரில் கலராக அடித்துக் கொடுத்தது. கீழே வாழையிலை, சோறு, வடை, அவன் குடிக்கிற, பால் போடாத பிளேன்டி. படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. அக்கா பாயில் உட்கார்ந்து தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். நானும் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்து மினுங்கி, கழுத்துக்கு மேலே வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. சட்டைக் கொலர் தெரிந்தது, மச்சமும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. அக்காவால் பொறுக்க முடியவில்லை. முழங்காலில் நகர்ந்து போய் விளக்கை ஓரமாக வைக்கக் கையை நீட்டினார்.

“விடுங்க அக்கா” என்றார் மாரியாயி.

“மொகமே தெரியல மாரியாயி. கொஞ்சம் நகத்துனா போதும்.”

“தெரிய வேணாம். நாந்தான் நகத்தி நகத்திப் பாத்து அந்த எடத்துல வச்சேன்.” மாரியாயி சோற்றைப் பிசைந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “செத்திருந்தான்னா அவனுக்கு வெளக்கு வேணும். உசுரோட இருந்தான்னா அவன் மொகத்துக்கு வெளக்கு வைக்கக்கூடாது. நா வேற என்னதான் செய்யிறது, நீங்களே சொல்லுங்க.”

அக்கா கையை எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்து நாங்கள் பஸ்ஸுக்கு எழும்பும்வரை அந்தப் படத்தின் பக்கம் அவர் திரும்பவேயில்லை.